ஒழுகும் கோப்பிப் பொறியும் ஒரு சிறு வளையமும்

கோப்பி வடிப்பது நம் இல்லங்களிலே நீண்டகாலம் மிக எளியதொரு காரியமாகவே இருந்து வந்தது. கொதிநீரும், வறுத்து இடித்த தூளும், ஒரு மூக்குப்பேணியும் இருந்தாற் போதும். வேறு கருவி வேண்டுவதில்லை. இன்றோ சுவிற்சர்லாந்திலும் சேர்மனியிலும் வாழும் நம் உறவினர் விடுமுறைக்கு வரும்போது அன்புடன் கொண்டுவரும் தன்னியக்கக் கோப்பிப் பொறி பல அடுக்களைகளிலே இடம்பெற்றுள்ளது. கொட்டையை அரைத்தல், நீரைச் சூடாக்கல், வடித்தல், சக்கையைத் தள்ளல் ஆகிய நான்கு தொழில்களையும் ஒரு பொத்தானை அழுத்திய அளவிலே அது செய்து முடிக்கின்றது.

சில மாதங்கள் செல்கின்றன. ஒருநாட் காலை பொறியின் அடியிலே நீர் தேங்கி நிற்கக் காண்கின்றோம். துடைக்கின்றோம், மறுநாளும் நிற்கின்றது. வீட்டிலே "பழுதாகிவிட்டது" என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பொறி களஞ்சிய அறைக்குச் செல்கின்றது. குளிர்நாட்டிலே உழைத்த ஒருவரின் சேமிப்பு அங்கே தூசி படிந்து கிடக்கின்றது. இன்னும் சில வீடுகளிலே, அடியில் ஒரு துணியை மடித்து வைத்துவிட்டு, ஒழுகும் பொறியையே நாள்தோறும் இயக்கி வருகின்றனர். முன்னையது பண நட்டம். பின்னையது உயிருக்கே கேடு.

இவ்விரண்டும் வேண்டியதில்லை என்பதே நாம் இங்கு சொல்ல விரும்புவது. நீர் தோன்றும் இடம் வேறு, நீர் கசியும் இடம் வேறு. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு பொறுமையுடன் ஆராய்ந்தால், பல கசிவுகளின் காரணம் ஒரு சிறு இறப்பர் வளையமாகவோ, சரிவரப் பொருந்தாத ஒரு தட்டாகவோ இருக்கக் காணலாம்.

நீர் செல்லும் வழி

நீராவியின் துணைகொண்டு கோப்பி வடிக்கும் பொறிக்கு இத்தாலியின் தூரின் நகரத்தைச் சேர்ந்த அஞ்சலோ மொறியொண்டோ என்பார் 1884 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். மிலான் நகரத்து லூயிசி பெசெறா 1901 இல் அதனைத் திருத்தி அமைத்தார். இவையெல்லாம் கடைகளுக்கு உரிய பெரும் பொறிகள். அரைப்பது முதல் வடிப்பது வரை அனைத்தையும் தானே செய்யும் பொறியை வீட்டுக்கு ஏற்ற அளவிலே 1985 இல் வெளியிட்டு முன்னோடியாய் நின்றது இத்தாலியின் சயக்கோ நிறுவனம். இன்று பல நிறுவனங்கள் செய்யும் பொறிகளும் அடிப்படையில் அதே ஒழுங்கையே பின்பற்றுகின்றன.

அவ்வொழுங்கு யாது? முதலில் நீர்த்தாங்கி. அதன் அடியிலே சுருள்வில்லால் மூடிக்கொள்ளும் ஒரு வால்வு உண்டு. தாங்கியை இருக்கையில் வைத்ததும் வால்வு திறக்க, நீர் பம்பிக்குச் செல்கின்றது. பம்பி நீரைக் கொதிகலத்துக்குத் தள்ளுகின்றது. அங்கே அது 90 பாகை செல்சியசுக்கு மேற் சூடாகி, கோப்பித்தூளை அமுக்கி வைத்திருக்கும் வடிக்கும் பகுதியின் ஊடாகச் சென்று, கோப்பியாய்க் குழலின் வழியே கிண்ணத்தில் விழுகின்றது. எஞ்சிய நீர் யாவும் அடியிலுள்ள வடிதட்டிலே சேர்கின்றது.

இவ்வழியின் ஒவ்வொரு பொருத்திலும் ஒரு வளையம் காவல் நிற்கின்றது. அதன் பொறுப்பு எத்தகையது என்பதை மாணாக்கர் கணக்கிட்டுப் பார்க்கலாம். பல பொறிகளின் பம்பி 15 பார் அமுக்கம் வரை தரவல்லது. ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீற்றர் உயரமான நீர்நிரலின் அமுக்கமாகும். நம் வீடுகளிலே 5 மீற்றர் உயரத்தில் அமைந்த தண்ணீர்த்தாங்கி குழாயடியிலே தருவது அரைப் பார் மாத்திரமே. அந்த அரைப் பாருக்கே நம் குழாய்கள் ஒழுகுகின்றன என்றால், அதனினும் 30 மடங்கு அமுக்கத்தைத் தாங்க வேண்டிய வளையம் ஒருநாள் தளர்வதில் வியப்பு என்ன?

முதலிற் காக்க வேண்டியது உயிர்

ஆராய்ச்சி தொடங்குமுன் மின்சாரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. இப்பொறியின் சூடாக்கி ஏறத்தாழ 1400 வாற்று வலுவுடையது. 230 வோற்று மின்னிலே அது 6 அம்பியர் மின்னோட்டத்தைக் கொள்கின்றது. ஆனால், மின்கசிவு கண்டு தானே துண்டிக்கும் 'றிப் சுவிச்சு' வழக்கமாக 30 மில்லியம்பியரிலேயே விழும்படி அமைக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலினூடாகச் சென்றால் இதயத்துக்கு ஆபத்து என்பதே காரணம். பொறி கொள்ளும் மின்னிலே இருநூறில் ஒரு பங்கு நம்மைக் கொல்லப் போதுமானது என்பதை மறத்தலாகாது.

ஆதலால், பொறியைத் தொடுமுன் மின்செருகியைக் கழற்றுக. சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. கொதிகலம் ஆறுவதற்கு ஒரு மணிநேரம் விடுக. கோப்பி வடிக்கும்போது றிப் சுவிச்சு விழுந்தால், அதனை மீண்டும் மீண்டும் உயர்த்திப் பார்த்தல் கூடாது. நீர் மின்பகுதியைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வந்த பொறிகளுக்குத் தனியான கவனம் வேண்டும். சுவிற்சர்லாந்தின் மின்செருகி மூன்று உருண்டை முள்களை உடையது. நம் நாட்டுச் செருகித்துளையில் அது பொருந்தாது. கடைகளிலே விற்கும் இடைப்பொருத்திகள் சில இரண்டு முள்களை மாத்திரமே இணைத்து, 'ஏர்த்' என வழங்கும் புவித்தொடுப்பை விட்டுவிடுகின்றன. அத்தகைய பொருத்தியுடன் ஒழுகும் பொறியை இயக்குதல் பாம்புப் புற்றிலே கைவைப்பதை ஒக்கும். புவித்தொடுப்புள்ள மூன்று முள் மின்செருகியை ஒரு மின்தொழிலாளரைக் கொண்டு பூட்டுவித்தலே தகும். கனடாவிலிருந்து வரும் பொறி 120 வோற்றுக்கு உரியது. அதனை இங்கே நேரே பூட்டுவது கூடவே கூடாது.

கசிவல்லாத கசிவு

பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் அது தன் குழல்களைத் தானே கழுவிக்கொள்ளும். ஒவ்வொரு கோப்பி வடித்த பின்னும் எஞ்சிய நீரை வடிக்கும் பகுதி கீழே விடும். இந்நீர் முழுவதும் வடிதட்டிலே சேர்வது முறையான தொழிற்பாடே. நாளைக்கு ஐந்தாறு முறை இயங்கும் பொறியின் தட்டு இரண்டொரு நாளில் நிறைந்துவிடுதல் வியப்பன்று. நிறைந்ததும் செந்நிற மிதவையொன்று மேலெழுந்து அறிவிக்கும் பொறிகளும் உள. அதனைக் கவனியாது விட்டால், வழிந்த நீர் பொறியின் அடியாலே வெளிவரும். இதற்குப் பழுதுபார்ப்போன் வேண்டியதில்லை. தட்டை நாள்தோறும் வெறிதாக்கினாற் போதும்.

தட்டு நிறையாத போதும் நீர் வெளிவரலாம். நாம் அறிந்த ஒரு வீட்டிலே, திருத்துவோர் ஒருவர் கூலி பெற்றுப் பம்பியையே மாற்றிவிட்டுச் சென்றார். நீரோ முன்போலவே ஒழுகியது. பின்னர் அவ்வீட்டு மாணவி தட்டை வெளியே எடுத்துக் கைவிளக்கால் உட்புறத்தை நோக்கினாள். தட்டு சென்று முட்டும் மூலையிலே கோப்பித்தூள் சேர்ந்து களிபோல் இறுகியிருந்தது. அதனால் தட்டு விரலகலம் முன்னே நிற்க, கழுவுநீர் தட்டின் பின்னே விழுந்துகொண்டிருந்தது. ஒரு பழைய பற்தூரிகையாலே அப்பழுது தீர்ந்தது.

மூன்று கேள்விகள்

தட்டிலே குறையில்லை எனக் கண்டபின், மூன்று கேள்விகளை முறையே கேட்க வேண்டும். நீர் எப்போது வருகின்றது? எத்தகைய நீர் வருகின்றது? எப்பக்கத்தில் முதலில் தோன்றுகின்றது?

முதற் கேள்விக்கு விடை காண ஓர் இரவு போதும். மின்செருகியைக் கழற்றி, பொறியின் அகமும் புறமும் உலரத் துடைத்து, அதனை வெள்ளைக் கடதாசியின் மேல் வைக்குக. தாங்கியை நிறைத்துப் பொருத்திவிட்டு விடியும்வரை விடுக. காலையிலே கடதாசி நனைந்திருந்தால், பம்பி இயங்காமலே நீர் கசிகின்றது. எனவே, தாங்கியையும் அதன் இருக்கையையும் அடுத்துள்ள குழாயையுமே முதலில் ஐயுற வேண்டும். மறுநாள் இரவு தாங்கியை மட்டும் ஒரு தட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். தட்டம் நனைந்தால் குற்றம் தாங்கியில். நனையாவிட்டால் இருக்கையிலுள்ள வளையத்திலோ அதற்கு அப்பாலோ ஆகும்.

இரவெல்லாம் கடதாசி உலர்ந்திருந்து, பொறி இயங்கும்போது மாத்திரம் நனையுமாயின், அமுக்கத்துக்கு உட்படும் வழியிலேயே குறையுளது. அங்கே இரண்டாம் கேள்வி உதவும். குளிர்ந்த தெளிநீர் கொதிகலத்துக்கு முன்னரும், சூடான தெளிநீர் கொதிகலத்திலோ அதற்குப் பின்னரும், தூள் கலந்த பழுப்புநீர் வடிக்கும் பகுதியிலும் கசிவு உண்டென்பதைக் காட்டும். கசிந்த நீர் விரைவில் ஆறிவிடுமாதலால், சூட்டை உடனே நோக்குதல் வேண்டும். கோப்பி வழக்கத்தினும் குறைவாகக் கிண்ணத்தில் விழ, தட்டிலே பழுப்புநீர் மிகுமாயின், வடிக்கும் பகுதியின் வளையம் தளர்ந்தமைக்கு அது நல்ல அடையாளம்.

மூன்றாம் கேள்விக்காகப் பொறியின் நாற்புறமும் மெல்லிய கடதாசி நாடாக்களை இட்டு, எது முதலில் நனைகின்றது எனப் பார்க்கலாம். இவ்விடை தனித்துப் போதாது. உள்ளே கசிந்த நீர் சட்டத்தின் வழியே ஓடித் தாழ்ந்த மூலையிலேதான் தோன்றும். மேசை சற்றுச் சரிந்திருந்தால் அம்மூலையும் மாறும். கூரை ஒழுகும்போது நீர் சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓடு உடைந்திருப்பதில்லை என்பதை நாம் மழைக்காலத்தில் அறிவோம் அன்றோ? அஃதே இங்கும் பொருந்தும்.

வீட்டிலே செய்யத்தக்க பரிகாரம்

தாங்கியின் வால்வு ஒழுகுமாயின், அதனை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு நல்ல நீரிலே அலசுக. மணற்றுணுக்கோ சுண்ணப்பொருக்கோ சிக்கியிருத்தல் கூடும். தாங்கியே வெடித்திருந்தால் ஒட்டுபசை பூசுதல் நன்றன்று. குடிக்கும் நீரிலே அது கலக்கும். புதிய தாங்கி வாங்குதலே முறை.

வடிக்கும் பகுதி பல பொறிகளிலே கையாற் கழற்றத்தக்கது. பொறியை அதன் பொத்தானால் நிறுத்தினால் அப்பகுதி தன் ஓய்வுநிலைக்கு வந்து நிற்கும். அதன்பின் மின்செருகியைக் கழற்றிப் பக்கக் கதவைத் திறந்து வெளியே எடுக்கலாம். வராவிட்டால் இழுத்து முறித்தலாகாது. சவர்க்காரம் இடாது இளஞ்சூட்டு நீரிலே கழுவி, நிழலில் உலர்த்துக. கழற்ற இயலாதபடி அமைந்த பொறிகளும் உள. அவற்றிலே நாம் கைவையாதிருத்தலே நன்று.

கழுவியபின் வளையத்தை நோக்குக. புதிய வளையத்தின் குறுக்குவெட்டு உருண்டையாய் இருக்கும். தேய்ந்தது ஒருபுறம் தட்டையாகிப் பளபளக்கும். சிலவேளை மயிரிழை போன்ற வெடிப்பும் காணும். அதனைக் கழற்றக் கத்தியும் ஊசியும் உதவா. அவை பள்ளத்திலே கீறினால் அக்கீறலே புதிய கசிவாகும். நுனி மழுங்கிய தென்னீர்க்கு ஒன்று போதும். புதியதை வாங்கும்போது உள்விட்டம், தடிப்பு என்னும் இரண்டு அளவும் ஒத்திருத்தல் வேண்டும். சயக்கோ வகைப் பொறிகள் பலவற்றின் வடிக்கும் பகுதியிலே உள்விட்டம் 32 மில்லிமீற்றரும் தடிப்பு 4 மில்லிமீற்றரும் ஆன வளையம் பொருந்தும். ஏனையவற்றுக்குப் பொறியின் இலக்கத்தைக் காட்டி வாங்குக. சூட்டுக்கும் உணவுக்கும் ஏற்ற சிலிக்கன் வளையமாய் அது இருத்தல் வேண்டும். நீர்க்குழாய்க் கடையிலே கிடைக்கும் சாதாரண வாசர் ஆகாது.

புதிய வளையத்துக்கு உணவுக்கு ஏற்ற சிலிக்கன் மசகைச் சிறிதளவு பூசுக. வீட்டிலே உள்ளது என்று தேங்காயெண்ணெயையோ வசிலினையோ தடவுதல் தவறு. முன்னையது சிக்கடைந்து தூளைப் பற்றிக்கொள்ளும்; பின்னையது பெற்றோலியத்திலிருந்து பெறப்படுவதாதலின் இறப்பர் வகைகள் சிலவற்றை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

வளையத்தின் பெருமை

சில்லறைப் பொருளாய்த் தோன்றும் இவ்வளையத்தின் தொழில் அறிவுக்கு விருந்தாவது. தென்மார்க்கு நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்தென்சென் என்பார் இதற்கு 1939 ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பள்ளத்திலே சற்று நசுங்கிக் கிடக்கும் வளையத்தின்மேல் நீர் மோதும்போது, அந்நீரின் அமுக்கமே வளையத்தை இடைவெளிக்குள் மேலும் தள்ளி அடைக்கின்றது. உடைக்க வந்த பகையே காவலுக்குத் துணையாகும் புதுமை இது. ஆனால், வளையத்திலே மீள்தன்மை இருக்கும்வரை மாத்திரமே இது நிகழும்.

மீள்தன்மை குன்றினால் விளைவது யாது என்பதை 1986 ஆம் ஆண்டு சனவரி 28 ஆந் திகதி உலகம் கண்டது. 'சலெஞ்சர்' என்னும் அமெரிக்க விண்ணோடம் எழுந்து 73 செக்கனில் அழிந்து, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். உந்துகணையின் பொருத்திலிருந்த இறப்பர் வளையங்கள் அன்றைய குளிரிலே விறைத்து, இடைவெளியை உடனே அடைக்கத் தவறியமை காரணமாயிற்று. பௌதிக அறிஞர் றிச்சட் பைன்மன் விசாரணைச் சபையின் முன்னே அவ்விறப்பர்த் துண்டொன்றைக் குறட்டால் நெருக்கிப் பனிக்கட்டி நீரிலே இட்டு எடுத்துக் காட்டினார். நெருக்கத்தை நீக்கிய பின்னும் அது சில கணம் தன் உருவுக்கு மீளவில்லை. அங்கே குளிர் செய்ததை நம் அடுக்களையிலே பல மாதத்துச் சூடு மெல்ல மெல்லச் செய்கின்றது.

நம் கிணற்றுநீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டவர்க்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதனூடாக ஊறிவரும் கிணற்றுநீர் வன்னீர். நீரிலே கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று சூடானதும் காபனீரொட்சைட்டை இழந்து கல்சியங் காபனேற்றாகிப் படிகின்றது. நம் கேத்தல்களின் அடியிலே காணும் வெண்கல் அதுவே. கோப்பிப் பொறியின் ஒடுங்கிய குழல்களில் அது படிந்தால் வழி அடைபட்டுப் பம்பிக்குச் சுமை மிகும், பொருத்துகள் நெரிபடும், பொருக்குகள் வால்வின் வாயிலே சிக்கி அதனை மூடவிடா. நீராவிக் குழல் ஓயாது சொட்டுவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

இதற்குப் பள்ளிக்கூடத்து இரசாயனமே வழிகாட்டுகின்றது. தற்காலிக வன்மை கொதிக்க வைத்தால் நீங்குமன்றோ? முதல்நாள் கொதிக்க வைத்து ஆறித் தெளிந்த நீரின் மேற்பகுதியைத் தாங்கியில் ஊற்றினால், படிய வேண்டிய கல்லிலே பெரும்பகுதி பானையிலேயே தங்கிவிடும். உவர் இதனால் நீங்காது. உவர்க் கிணற்று நீரைப் பொறிக்கு ஊற்றாதிருத்தலே நன்று.

படிந்த கல்லைக் கரைக்க, பொறியோடு வந்த கைந்நூல் கூறும் கரைசலையே பயன்படுத்துக. தேசிக்காய்ச் சாற்றின் சக்கை வால்வை அடைக்கும். வினாகிரி இறப்பரைத் தாக்குவதோடு மணமும் நீங்காது. கரைத்த மறுநாளே புதிதாய் ஒழுகத் தொடங்கும் பொறிகளும் உண்டு. கரைசலே பொறியைக் கெடுத்தது என்பர். வெடித்த வளையத்தின் வாயைக் கல் அடைத்திருக்க, கல் நீங்கியதும் பழைய குறை வெளிப்பட்டது என்பதே பலவேளை உண்மை.

எங்கே நிறுத்துவது?

தாங்கி, தட்டு, வடிக்கும் பகுதி ஆகிய மூன்றுமே இல்லத்தவர் கைவைக்கத்தக்கவை. கொதிகலத்திலோ உட்குழாய்களிலோ கசிவென்று ஆராய்ச்சி காட்டினாலும், றிப் சுவிச்சு விழுந்தாலும், கருகிய மணம் வந்தாலும், பொறியின் உடற்கூட்டைத் திறக்க முற்படாது பயின்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது வெறுமனே "ஒழுகுகிறது" என்று சொல்லாது, எப்போது, எத்தகைய நீர், எப்பக்கம் என்னும் மூன்று விடைகளையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்குக. வைத்தியருக்கு நோயின் வரலாறு எத்துணை உதவுமோ, அத்துணை உதவி திருத்துவோர்க்கு அது. வேண்டாத உறுப்பை மாற்றிக் கூலி கேட்பதற்கும் அப்பொழுது இடமிராது.

உயர்தர வகுப்பிலே அமுக்கத்தையும் மீள்தன்மையையும் வன்னீரையும் படிக்கும் மாணாக்கர் அவற்றைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடுதல் கூடாது. அவை மூன்றும் ஒருங்கே கூடி நிற்கும் இடம் அவர்களின் வீட்டு அடுக்களையாய் இருக்கலாம். களஞ்சிய அறையிலே ஒரு பொறி கிடக்குமாயின், இவ்வார விடுமுறையிலே தந்தையார் தாயாரின் அனுமதியுடன் அதனை வெளியே எடுத்து, தூசி துடைத்து, மின்செருகியைப் பூட்டாது, வெள்ளைக் கடதாசியின்மேல் நிறைந்த தாங்கியுடன் ஓர் இரவு வைத்துப் பார்ப்பார்களாக. காலையிலே அக்கடதாசி தரும் விடையிலிருந்து மேல்வேலையைத் தொடங்கலாம்.